பிரியந்தி வைத்த பெயர்

பெற்றீசியா டீச்சரைப் போலப் பேசிக் காட்ட எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் வரும். கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்ட வேண்டும். உதட்டை ரப்பர் போல இழுக்க வேண்டும். பிறகு எழுத்துகளை ஒவ்வொன்றாக வெளியே விட வேண்டும். டீச்சர் கடைக்குப் போனால், "ப... ரு... ப்... பு... கால் கிலோ" என்பார். கடைக்கார ஆண்டியப்பனும் அதே மாதிரி உதட்டை இழுத்து, "மை... சூ... ர்ப்... ப... ரு... ப்பா டீச்சர்?" என்று கேட்பார். கடையில் நிற்கிற எல்லாரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். டீச்சருக்கு அது கேலி என்று படாது. "நல்லா வாயத் தொறந்து பேசுறிங்க" என்று அவரைப் பாராட்டிவிட்டுப் பருப்பை வாங்கிக்கொண்டு போவார்.

காது கேட்காத பிள்ளைகள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று பேசிப் பேசி, அந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

லிந்துலையிலிருந்து மேலே ஏறும் ரோட்டில், பஸ் திரும்புகிற இடத்தில் இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். அதன் கோடியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், உடைந்த கதிரைகள் அடுக்கிக் கிடந்த அறைக்கு வெள்ளையடித்து, விசேட கல்வி அலகு என்று ஒரு பலகையை மாட்டியிருந்தார்கள். டிக்கோயாப் பக்கம் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு லயத்தில் பிறந்து, இந்தப் படிப்புக்கென்றே பயிற்சி எடுத்து வந்தவர் டீச்சர். வந்த புதிதில் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு குடும்பம் கொழும்புப் பக்கம் போய்விட்டது. ஒரு பிள்ளைக்குக் காது மெஷின் சரிவந்து சாதாரண வகுப்பில் சேர்த்தார்கள். இன்னொரு பிள்ளையை, பேச வராததுக்குப் படிப்பு எதற்கு என்று வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். மிஞ்சியது பிரியந்தி மட்டும். ஒரு பெரிய மேசை, ஒரு சின்ன மேசை, நடுவில் ஒரு கரும்பலகை. அதுதான் அலகு.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரட்டைக் குவார்ட்டஸ். ஒரு பக்கத்தில் டீச்சர். மறுபக்கம் பூட்டியே கிடந்தது. டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு டிக்கோயாவில் போய் நிற்க ஒரு வாசல் இல்லை. தம்பி வத்தளையில், கிறிஸ்மஸுக்கு மட்டும் கூப்பிட்டுப் பேசுவான். பின்னேரம் மூடுபனி இறங்கிவிட்டால் குவார்ட்டஸ் கதவு சாத்திவிடும். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கும். முதலில் யாரோ விருந்தாளி என்றுதான் நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, சுவரில் மாட்டியிருந்த அந்தோணியாரோடு அன்றைய பாடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று. பகலெல்லாம் பிரியந்தியோடு பேச்சு, பின்னேரம் அந்தோணியாரோடு பேச்சு. இரண்டு பேருமே பதில் சொல்வதில்லை.

பிரியந்தி, கொழுந்தெடுக்கிற பூரணி அக்காவின் ஒரே பிள்ளை. அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. பிறவியிலேயே காது கேட்காது. அவளைப் பேசவைத்துவிட வேண்டும் என்பதில் டீச்சர் ஒரே பிடியாக இருந்தார். பிள்ளையின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்து அதிர்வைக் காட்டுவார். மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்து, "ப" என்றால் சுடர் ஆட வேண்டும் என்பார். தாடையைப் பிடித்து வாயை இப்படி, அப்படி என்று திருப்புவார். நடுவில் பிரியந்தி கையைத் தூக்கி எதையாவது காட்டத் தொடங்கினால் போதும், அந்த இரண்டு கைகளையும் பிடித்து, உள்ளங்கை கீழே இருக்கும்படி அவள் தொடைக்கடியில் வைத்து, அதன்மேலேயே அவளை உட்காரவைத்துவிடுவார். கோபத்தில் செய்தது இல்லை. கை காட்டிப் பேசினால் ஊமை என்று ஊர் சிரிக்கும், கை சும்மா இருந்தால்தான் வாய்க்கு வேலை வரும் என்று மனதார நம்பினார்.

ஒரு வழியாகப் பிரியந்தி "அம்மா" சொன்னாள். அன்றைக்கு டீச்சர் பூரணி அக்காவை மலையிலிருந்து கூப்பிட்டு வரச் சொல்லி, கதவடியில் நிறுத்தி, பிள்ளையைச் சொல்லவைத்தார். பூரணி அக்கா இடுப்பில் கட்டிய படங்குத் துணியோடு அங்கேயே உட்கார்ந்து அழுதது. டீச்சரும் அழுதார். பிரின்சிபல் கணேசமூர்த்தி சேர் வந்து காற்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, அதாவது இது ஒரு வரலாற்றுச் சாதனை, அதாவது நமது பாடசாலைக்கே பெருமை என்று பேசத் தொடங்கி, மணி அடித்ததும் நிறுத்தினார்.

நான்கைந்து நாள் கழித்துப் பூரணி அக்கா தயங்கித் தயங்கி வந்து நின்றது.

"டீச்சர், தப்பா நெனைக்காதிங்க. ஆட்டையும் அம்மாங்கிறா. மாயாண்டி கங்காணியையும் அம்மாங்கிறா. நேத்து பஸ்ஸுக்கு அம்மான்னு சொல்லி கை நீட்டுறா."

அந்தச் சத்தத்தைப் போட்டால் பெரியவர்கள் சந்தோசப்படுகிறார்கள் என்பதைத் தவிரப் பிரியந்திக்கு அதில் ஒன்றும் விளங்கியிருக்கவில்லை. இன்னும் பயிற்சி வேண்டும் என்றார் டீச்சர். மறுநாளிலிருந்து கைகள் தொடைக்கடியில் கூடுதல் நேரம் இருந்தன.

அதற்குப் பிறகு பிரியந்தி பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். டீச்சர் ஒரு நாள் பார்த்தார், இரண்டு நாள் பார்த்தார், பிறகு குடையை எடுத்துக்கொண்டு மலைக்கே ஏறினார்.

அன்றைக்கு நல்ல காற்று. ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு நிரை, அந்தப் பக்கம் ஒரு நிரை என்று பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். கத்தினாலும் கேட்காத தூரம். நடுவில் ஒரு கல்லின்மேல் பிரியந்தி நின்றாள். டீச்சர் கீழ்ப் பாதையில் வளைவில் நின்று மேலே பார்த்தார்.

பிரியந்தி இல்லாத மீசையை இரண்டு பக்கமும் முறுக்கினாள். உடனே இரண்டு நிரையிலும் பேச்சு நின்று கைகள் வேகமாகின. கொஞ்ச நேரத்தில் மாயாண்டி கங்காணி அந்த வழியாக வந்து, எல்லாரும் ஒழுங்காக வேலை செய்வதைப் பார்த்துத் திருப்தியாகத் தன் மீசையை முறுக்கிவிட்டுப் போனார். பிறகு பிரியந்தி போனைக் காதில் வைத்துக்கொண்டு வயிற்றைத் தடவுவது போல ஒரு நடை நடந்தாள். கங்காணிக்கும் மேலான கண்டாக்கையா மேல் ரோட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறார் என்று அர்த்தம். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வயிற்றைப் பிடித்து, வாயில் கை வைத்து, கையை விரித்தாள். சாப்பாடு எப்போது என்று கேள்வி. பிரியந்தி பதில் சொன்னாள். இந்தப் பக்கத்திலிருந்து பூரணி அக்கா ஏதோ காட்ட, ஓடைக்கு அப்பால் நான்கு பேர் சிரித்தார்கள். காற்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு சத்தமும் இல்லாமல் ஒரு மலை முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது.

டீச்சர் வளைவிலிருந்து வெளியே வந்தார். பிரியந்தி அவரைக் கண்டாள். சட்டென்று கல்லில் உட்கார்ந்து, இவருக்கு முதுகைக் காட்டியபடி மலையைப் பார்த்து ஏதோ செய்தாள். இரண்டு நிரையும் ஒரேயடியாகச் சிரித்து, ஒரேயடியாக அடங்கி, டீச்சரைப் பார்த்தது.

"என்ன சொன்னா?" என்று பூரணி அக்காவின் பக்கத்தில் ஏறி வந்து டீச்சர் கேட்டார்.

"ஒன்னுமில்லிங்க டீச்சர். நீங்க வாரிங்கன்னு சொன்னா."

"எப்பிடிச் சொன்னா?"

பூரணி அக்கா கொழுந்தைப் பார்த்தது. மற்றவர்களுக்கும் திடீரென்று கொழுந்தில் நிறைய வேலை இருந்தது.

இறங்கி வரும்போது டீச்சர் குடையை விரிக்கவில்லை. தூறல் விழுந்தது. இந்தத் தோட்டத்தில் அந்தப் பிள்ளையோடு பேசத் தெரியாத ஒரே ஆள் தான்தான் என்பதை அவர் அன்றைக்குக் கண்டுகொண்டார். அந்தோணியாரிடம் அதைச் சொன்னாரா தெரியாது. அன்று பின்னேரம் குவார்ட்டஸில் பேச்சுச் சத்தம் இல்லை.

மறுநாள் லயத்துக்குப் போய்ப் பிரியந்தியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். சின்ன மேசையில் தான் உட்கார்ந்துகொண்டு, பெரிய மேசையைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார். கரும்பலகையில் ஒரு ஆட்டை வரைந்து, கையை விரித்து, இது எப்படி என்று கேட்டார். பிரியந்திக்கு நம்பிக்கை வரவில்லை. கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தாள். டீச்சர் தானே இரண்டு விரலைத் தலையில் வைத்து ஆடு காட்டினார். அது ஆடு மாதிரி இல்லை, முயல் மாதிரி இருந்தது. பிரியந்தியால் பொறுக்க முடியவில்லை. எழுந்து வந்து டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்து விரல்களைச் சரியாக மடக்கிவிட்டாள். முன்பு டீச்சர் அவளுடைய தாடையைத் திருப்பிய அதே மாதிரி.

அதற்குப் பிறகு ஒரு வருடம் போல அந்த அறை நன்றாக இருந்தது. கை காட்டுவாள், டீச்சர் அந்தச் சொல்லைச் சுவரில் எழுதுவார். சொற்கள் சுவர் முழுக்க ஏறின. வாயில் ஒட்டாத எழுத்து கையில் ஒட்டிக்கொண்டது. பிரியந்தி தானாக எழுதிய முதல் வரி, "கங்காணி வாராரு". அதைப் பார்த்து டீச்சர் சிரித்த சிரிப்பு தண்ணீர்த் தாங்கிவரை கேட்டது. பின்னேரங்களில் பிரியந்தி குவார்ட்டஸுக்குப் போவாள். அடுப்படியில் உட்கார்ந்து, அன்றைக்கு மலையில் நடந்ததையெல்லாம் ஆள் ஆளாக நடித்துக் காட்டுவாள். கணேசமூர்த்தி சேருக்குக் காற்சட்டையை மேலே இழுத்தால் போதும். டீச்சர் ரொட்டியைத் தீயவிட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் வேறு யாரும் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது கிடையாது. ஒன்றை மட்டும் அவள் காட்டியதே இல்லை. டீச்சரின் பெயரை.

மழைக் காலத்தில் மாயாண்டி கங்காணி இறந்துபோனார். காரியம் எல்லாம் முடிந்து ஒரு வாரத்துக்குப் பிறகு பிரியந்தி வகுப்பில் மீசையை முறுக்கி, பாதையைக் காட்டி, கையை விரித்தாள். எப்போது வருவார் என்று கேட்டாள். டீச்சர் கன்னத்தில் கை வைத்துத் தூங்குவதைக் காட்டினார். அவள் எழும்புவதைக் காட்டினாள், எப்போது எழும்புவார்? டீச்சர் மண்ணைக் காட்டினார். அவள் கொழும்பைக் காட்டினாள், அப்பா போன மாதிரியா? டீச்சருக்கு அதற்கு மேல் கையில் ஒன்றும் இல்லை. மலையில் உண்டான பேச்சில் கங்காணியும் கொழுந்தும் சாப்பாடும் இருந்தன. சாவு இல்லை, ஏன் என்ற கேள்வி இல்லை, நாளைக்கு அப்புறம் ஒன்றும் இல்லை. பதினொரு வயதுப் பிள்ளை. முறுக்கிய மீசையோடு பாதையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

டீச்சரோடு பயிற்சி எடுத்த லெட்சுமி என்பவர், கண்டிக்கு அந்தப் பக்கம் காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார். அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கும் வகுப்பு உண்டு, சைகை மொழியிலேயே பாடம். டீச்சர் போன் எடுத்து விசாரித்தார். ஒரு இடம் இருக்கிறது, சீக்கிரம் கூட்டிக்கொண்டு வா என்றார் லெட்சுமி.

டீச்சர் போனை வைத்துவிட்டு அதை யாரிடமும் சொல்லவில்லை. பிரியந்தி வழக்கம் போல வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கடுத்த நாட்களிலும் சொல்லவில்லை. பிள்ளை போய்விட்டால் இந்த வீட்டில் யார் வந்து உட்காருவார்கள் என்ற கேள்வி அவரிடம் இருந்தது. பிரின்சிபலிடம்தான் முதலில் வாய் திறந்தார்.

கணேசமூர்த்தி சேர் காற்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அதாவது டீச்சர், ஒரு புள்ளயும் இல்லாட்டி அலக மூடிருவாங்க. அதாவது, நம்ம கைலயே நம்ம வேலய இல்லாமச் செய்யணுமா? அதாவது, புள்ள இங்க சந்தோசமாத்தானே இருக்கு?"

அவர் கெட்டவர் இல்லை. டீச்சரும் அதைத்தான் தன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் பூரணி அக்காவிடம் சொன்னபோது, அது யோசிக்கவே இல்லை. "எனக்கு என்னாங்க தெரியும். நீங்க அனுப்பச் சொன்னா அனுப்புறேன். வேணாம்னு சொன்னா வேணாம்" என்றது. அந்த "வேணாம்" டீச்சரின் வாய்க்கு எவ்வளவு கிட்டத்தில் இருந்தது என்று பூரணி அக்காவுக்குத் தெரியாது. சும்மா ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்றார் டீச்சர்.

மூன்று பேரும் பஸ் மாறிப் போனார்கள். கொத்மலை நீர்த்தேக்கம் கீழே தெரிந்தபோது பிரியந்தி ஜன்னலில் ஒட்டிக்கொண்டு, இவ்வளவு தண்ணீர் யாருடையது என்று கேட்டாள். டீச்சர் தோளைக் குலுக்கினார்.

அந்தப் பள்ளிக்கூடத்து முற்றத்தில் இடைவேளை. நிறையப் பிள்ளைகள், ஓடுகிற காலடிச் சத்தம் மட்டும். மரத்தடியில், படியில், குழாயடியில் எங்கே பார்த்தாலும் கைகள். பிரியந்தி வாசலில் நின்றாள். பின்னால் திரும்பி டீச்சரைப் பார்த்தாள். ஏஞ்சலா என்ற, அவளைவிடக் கொஞ்சம் பெரிய பிள்ளை வந்து அவளுக்கு முன்னால் ஏதோ கேட்டது. விளங்கவில்லை. அந்தப் பிள்ளை அதையே மெதுவாக, வேறு மாதிரி, முகத்தையும் சேர்த்துக் கேட்டது. பிரியந்தி பதில் சொன்னாள். அதற்கு ஏஞ்சலா ஒன்று சொல்ல, இவள் இன்னொன்று சொல்ல, இன்னும் மூன்று பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டன. கண்டாக்கையாவின் வயிறு அந்த முற்றத்தில் நடந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு பிரியந்தி திரும்பிப் பார்க்கவில்லை.

டீச்சரும் பூரணி அக்காவும் வராந்தா வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஏஞ்சலா இவர்களைக் காட்டி, யார் என்று கேட்டது தூரத்திலிருந்தே விளங்கியது. பிரியந்தி தலையில் இல்லாத கொழுந்துக் கூடைக் கயிற்றைச் சரிசெய்து நெற்றி வியர்வையைத் துடைத்தாள். அது பூரணி அக்கா. பிறகு படியில் உட்கார்ந்து, முதுகை நேராக்கி, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். உதட்டை ரப்பர் போல இழுத்தாள்.

ஏஞ்சலாவுக்கு உடனே விளங்கிவிட்டது. டீச்சரைப் பார்த்துத் தலையாட்டியது.

பூரணி அக்கா டீச்சரின் முகத்தைப் பார்க்காமல், "சும்மா வெளாட்டுக்குங்க டீச்சர்" என்றது.

"இதுதான் எம்பேரா?"

"ஆரம்பத்துல வச்ச பேருங்க. அப்பிடியே நின்னுருச்சி. தோட்டத்துல எல்லாருமே அப்பிடித்தான்... மனசுல வச்சிக்காதிங்க."

ஒரு வருடமாகக் கையை அவிழ்த்துவிட்டாயிற்று, சுவர் நிறைய எழுதியாயிற்று, பெயர் மாறவில்லை. முற்றத்தில் மணிக்குப் பதிலாக ஒரு விளக்கு மின்னி மின்னி அணைந்தது. பிள்ளைகள் வகுப்புக்கு ஓடினார்கள். ஏஞ்சலா பிரியந்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. அவளும் போனாள்.

"என்னா டீச்சர் செய்வோம்?" என்று பூரணி அக்கா கேட்டது.

"சேர்த்துட்டுப் போவோம் பூரணி" என்றார் டீச்சர். எழுத்தெழுத்தாக இழுக்காமல், சாதாரணமாகச் சொன்னார்.

அலகை மூடினார்கள். பலகையைக் கழற்றினார்கள், சுவருக்கு மட்டும் யாரும் வெள்ளையடிக்கவில்லை. யாராவது ஆசிரியர் லீவு போட்டால் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்வது டீச்சரின் வேலையாயிற்று. பின்னேரம் அடுப்படியில் பிரியந்தி உட்காரும் சின்னப் பலகை காலியாகக் கிடந்தது. ரொட்டி தீயவில்லை. விடுமுறைக்குப் பிரியந்தி வந்தபோது அவளுடைய கைகள் வெகு வேகமாக ஓடின, டீச்சரால் பாதிதான் பிடிக்க முடிந்தது. ஆனால் மீசையை முறுக்கிவிட்டு அவள் வேறொரு சைகை காட்டினாள், அது டீச்சருக்கு விளங்கியது. இனி வரமாட்டார். ஒருபோதும் வரமாட்டார். அதைச் சொல்லிவிட்டு அவள் டீச்சரின் மடியில் தலை வைத்து அழுதாள்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் டீச்சர் குடையோடு தோட்டத்தின் மற்ற டிவிசன்களுக்கு நடக்கத் தொடங்கினார். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் புள்ளக் காம்பராவில், கோயிலடியில், தண்ணிப் பீலியடியில் நின்று, பேசாத பிள்ளை யாரும் இருக்கிறார்களா என்று விசாரிப்பார். பல லயங்களில் இல்லை என்றார்கள். சிலர் கதவைச் சாத்திக்கொண்டே இல்லை என்றார்கள். கீழ் டிவிசனில் புள்ளக் காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் மீனம்மா மட்டும், லயத்துக் கடைசிக் காம்பராவில் ஒன்று இருக்கிறது, அதைக் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்றாள்.

டீச்சர் அந்தக் காம்பராவின் படியில் உட்கார்ந்தார். உள்ளே இருட்டில் ஐந்து வயது போல ஒரு பெண் பிள்ளை, தூண் போல நின்று பார்த்தது. டீச்சர் முதுகை நேராக்கினார். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்தார். உதட்டை நன்றாக இழுத்தார். தன் பெயரைச் சொன்னார்.

பிள்ளை வெகு நேரம் பார்த்தது. பிறகு மெதுவாக வெளியே வந்து, டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதே மாதிரி தன் சின்னக் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டது.

டீச்சர் குனிந்து, அவசரம் அவசரமாக அந்தக் கைகளை வெளியே எடுத்தார்.